புதுப்பிப்பு: குல்மார்க்கா, ஔலியா? போய்விட்டு வந்தாச்சு

குடும்பத்தோடு பனிச்சறுக்கு பழக காஷ்மீரில் உள்ள குல்மார்க் போகலாமா, உத்தராகண்டில் உள்ள ஔலி போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. குல்மார்க்தான் போனோம்.

ஔலியை விட மனசே வரவில்லை. 7,816 மீட்டர் உயர நந்தா தேவியைப் பார்த்துக்கொண்டே சறுக்கலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் ரிஷிகேஷிலிருந்து சுமார் 250 கி.மீ. மலைப்பாதை, அம்மாவுக்குத் தாங்காது. ஔலிக்குக் கீழே உள்ள ஜோஷிமட் ஊரில் நிலம் தாழ்ந்தபோது, 2023 ஜனவரியில் நிறுத்திய ஜோஷிமட்–ஔலி ரோப்வேயும் நாங்கள் விசாரித்த சமயம் ஓடவில்லை. குல்மார்க் ஸ்ரீநகரிலிருந்து 50 கி.மீ.தான். வழியில் தங்மார்க்கில், பனியில் வழுக்காமல் இருக்கச் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டிய பிறகுதான் வண்டி மேலே ஏறியது.

புதிதாகப் பழகுபவர்களுக்குக் கீழே உள்ள சாய்வான மைதானமே போதும். பயிற்சியாளர் முதலில் மகளின் பூட்ஸைத்தான் பார்த்தார். இரட்டைக் காலுறையைக் கழற்றச் சொல்லி, ஒற்றை உறையோடு பக்கிளை இறுக்கி, "இப்போ முழங்காலை மடக்கும்மா" என்றார். பூட்ஸுக்குள் குதிகால் தூக்கவில்லை, அதாவது சரியாகப் பொருந்தியிருந்தது. அப்புறம்தான் சறுக்குப் பலகையே மாட்டினார். இரண்டு பலகைகளின் முன்முனைகளையும் ஒன்றையொன்று நோக்கிக் குவித்து வேகம் குறைக்க அவள் அன்றைக்கே கற்றுக்கொண்டாள். எனக்கு அவ்வளவு பெருமை!

மலைமேல் ஏற்றிச் செல்லும் கோண்டோலா (கேபிள் கார்) டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கு மேல் போகிறது. அங்கிருந்து சறுக்குவது தேர்ந்தவர்களுக்கு மட்டும். பனிச்சரிவு அபாயம் உண்டு. சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் முதல் கட்டம் முடியும் கோங்டூரியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.