ஒரே ஒரு ஜோடி ஷூ வாங்கத்தான் காசு இருக்கிறது: லத்தீனா, ஸ்டாண்டர்டா?

டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன், பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. பால்ரூம் (ஜோடி நடனம்) கற்க ஆரம்பித்து மூன்று மாதம். டிசம்பரில், போட்டியின் தொடக்கநிலைப் பிரிவில், வால்ட்ஸும் (ஸ்டாண்டர்ட் வகை) சா சா சாவும் (லத்தீன் வகை) ஆட வேண்டும். கையில் 1,200 ரேண்ட்தான்.

இப்போது ஆடுவது பழைய பள்ளி ஷூவில். ரப்பர் அடி தரையைப் பிடித்துக்கொள்கிறது. வால்ட்ஸில் திரும்பும்போது பாதம் நின்றுவிட, முழங்கால் மட்டும் சுற்றுகிறது. இரண்டு வாரமாக இடது முழங்காலில் வலி. அடியில் டேப் ஒட்டினேன், வழுக்கி விழுந்தேன். செருப்பு தைப்பவரிடம் கொடுத்து ஸ்வேட் தோல் ஒட்டினேன். பத்தே நாளில் முன்பக்கம் பிரிந்துவிட்டது. வகுப்பில் பழைய ஷூ கேட்டுப் பார்த்தேன், என் ஒன்பதாம் நம்பர் யாரிடமும் இல்லை. “பரதம் கற்றிருந்தால் செருப்புச் செலவே இல்லையே” என்கிறார் அம்மா. அதுவும் சரிதான்!

ஆண்களுக்கான லத்தீன் ஷூவில் குதிகால் ஒன்றரை அங்குலம், அடி நன்றாக வளையும். ஸ்டாண்டர்டில் ஒரு அங்குலம், அடி விறைப்பு. பார்ட்னர் என்னைவிடச் சற்று உயரம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு ஆட்டத்துக்கும் ஒரே ஜோடியால் சமாளித்த ஆண்கள் யாராவது இருந்தால், எதை முதலில் வாங்கினீர்கள்?