அம்பாசிடர் பாடியை வேறு சேசிஸில் ஏற்றியவர்கள் இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம், கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். அப்பாவின் மார்க் 2 அம்பாசிடரை உப்புக் காற்று அடியில் அரித்துவிட்டது. கூரை, கதவு, பானெட் எல்லாம் நல்ல கனமான தகடு, இன்னும் உறுதியாக இருக்கின்றன. தரைத் தகடும் கதவுக்குக் கீழே ஓடும் ஓரச் சட்டமும்தான் தொட்டாலே உதிர்கின்றன.

முதல் தலைமுறை மஹிந்திரா தார் ஜீப்பின் சேசிஸ், அதாவது பாடியைத் தாங்கும் அடிச்சட்டம், ஒன்று விலைக்கு வருகிறது. அதன் வீல்பேஸ் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 2430 மி.மீ., அம்பாசிடருக்கு 2464. இவ்வளவு நெருக்கமாக அமைவது அபூர்வம் என்பதால் ஆசை வந்துவிட்டது. ஆனால் அம்பாசிடருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பாடியேதான் பாரம் தாங்குகிறது. தரையை வெட்டினால் கதவுச் சட்டம் கோணி, அப்புறம் கதவு பூட்டாது. அதனால் முதலில் உள்ளே குறுக்குக் குழாய்களை வெல்டிங் செய்துவிட்டுத்தான் வெட்டுவேன். பாடியைச் சேசிஸோடு இணைக்கும் மவுண்ட்களை எந்தெந்த இடத்தில் வைத்தீர்கள்? ஸ்டீரிங் தண்டை எப்படிப் பொருத்தினீர்கள்? செய்தவர்கள் படத்தோடு சொன்னால் பெரிய உதவி.

அடுத்து ஆர்சி. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது; 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. ஆர்டிஓவில் முன் அனுமதி வாங்கிய அனுபவம் யாருக்காவது உண்டா? வழியே இல்லையென்றால் சேசிஸ் வேண்டாம், தரையை மட்டும் புதிதாக அடிக்கிறேன். அதற்கு ராமநாதபுரம், பரமக்குடி, மதுரைப் பக்கம் அம்பாசிடர் தகர வேலை தெரிந்த பட்டறை இருந்தால் சொல்லுங்கள். தயவுசெய்து விலைக்குக் கேட்க வேண்டாம், விற்பதாக இல்லை.