பேர்மிங்ஹாம் குழாய்த் தண்ணீர் வரும் ஈலன் பள்ளத்தாக்கு: ஒரே நாளில் அணைகளைப் பார்க்க முடியுமா?

வெள்ளவத்தை ரீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நானும் கணவரும் செப்டெம்பரில் பேர்மிங்ஹாமில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். போன முறை போயிருந்தபோது அவளுடைய கேத்தலைக் கழுவ எடுத்தேன். உள்ளே வெள்ளைப் படிவு ஒரு பொட்டுக்கூட இல்லை. யாழ்ப்பாணத்தில் கணவரின் வீட்டில் கிணற்றுத் தண்ணீர் கொதிக்கிற கேத்தலின் அடியைச் சுரண்டிச் சுரண்டிக் கை ஓய்ந்தவள் நான். கேட்டதற்கு, "இது வேல்ஸ் மலைத் தண்ணீர் அம்மா, ஈலன் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது" என்றாள். அன்றிலிருந்து அந்த இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று மனதில் கிடக்கிறது.

மருமகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் கூட்டிப் போகிறேன் என்கிறார். ஒரு நாள்தான். கணவருக்கு முழங்கால் வருத்தம், படி ஏறமாட்டார், சமதரையென்றால் அரை மணித்தியாலம் நடப்பார். அங்கே ஐந்தாறு அணைகள் இருக்கின்றனவாம். எதைப் பார்ப்பது, எதை விடுவது? வேல்ஸுக்கு வேறு விசா வேண்டுமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். நான் பிறந்தது மஸ்கெலியாவில். பழைய டவுனில் அப்பாவுக்குச் சின்னத் துணிக்கடை ஒன்று இருந்தது. 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கம் வந்தபோது அந்த டவுனே தண்ணீருக்குள் போய்விட்டது. எனக்கு அப்போது ஏழு வயது. ஈலனிலும் அப்படி ஏதாவது மூழ்கியதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தெஹிவளை சுற்றுலாக்காரன்:

அக்கா, வேல்ஸுக்கென்று தனி விசா கிடையாது. எல்லையில் நிறுத்தவும் மாட்டார்கள், பலகைகளில் எழுத்து இரண்டு மொழியாவதை வைத்துத்தான் வந்துவிட்டோம் என்று தெரியும். நான் இங்கிலாந்தில் ஒன்பது வருடம் இருந்தவன், ஈலனுக்கு மூன்று தரம் போயிருக்கிறேன். பேர்மிங்ஹாமிலிருந்து இரண்டரை மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழுக்குப் புறப்பட்டால் நாள் தாராளமாகப் போதும்.

முதலில் ரேயடர் என்ற சின்ன டவுன் வரும். பெற்றோல் அங்கேயே அடித்துவிடுங்கள், மேலே கிடைக்காது. அங்கிருந்து ஈலன் கிராமத்தைத் தாண்டினால் பார்வையாளர் நிலையம். கழிப்பறை, சாப்பாட்டுக் கடை எல்லாம் அங்கேதான். அதற்கு நேர் மேலே கபன் கோஹ் அணை நிற்கும். நிலையத்திலிருந்து அணையின் அடிவரை பெரிய ஏற்றமில்லை, ஐயா நடந்துவிடுவார். குளிர்கால மழைக்குப் பிறகு தண்ணீர் அணையின் மேலால் வழிந்து முழு அகலத்துக்கும் ஒரே அருவியாக விழும். செப்டெம்பரில் அது நிச்சயமில்லை, அதை நம்பிப் போகாதீர்கள்.

பிறகு ஏரிக்கரையோடு போகும் வீதியில் கரெக் தீ பாலம் வரும். அதை எழுதும் விதத்தைப் பார்த்தால் 'டு' என்றுதான் வாசிக்கத் தோன்றும், ஆனால் அவர்கள் 'தீ' என்கிறார்கள். இடப்பக்கம் பாலத்தைக் கடந்தால் கிளேர்வென் அணை. நேரே போனால் பெனிகரெக், அதற்கும் மேலே கிரைக் கோஹ். பெனிகரெக்கைக் காரில் இருந்தே பாருங்கள், இறங்கத் தேவையில்லை. நேரத்தைக் கிரைக் கோஹுக்குக் கொடுங்கள். அணை வில் மாதிரி வளைந்திருக்கும், வரிசையாகக் கல் வளைவுகள், நடுவில் குவிமாடம் வைத்த சிறு கோபுரம். அணையின் மேலேயே கரைக்குக் கரை நடக்கலாம், சமதரை, படியே இல்லை. ஐயாவுக்கு ஏற்ற அணை என்றால் அதுதான்.

அதற்கு மேலும் அதே வீதியில் போனால் மலைப்பாதை வழியாகச் சுற்றி ரேயடருக்கே இறங்கலாம். வந்த வழியால் திரும்பாதீர்கள். புல்மலையும் செம்மறியும் தவிர ஒன்றும் இருக்காது, எனக்கு அந்தப் பாதைதான் அணைகளைவிடப் பிடித்தது. ஃபோன் சிக்னல் பல இடங்களில் இல்லை. வரைபடத்தை முதலே இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மழைக்கோட்டும் கட்டாயம்.

ஓய்வுபெற்ற பொறியியலாளர், நுகேகொடை:

தங்கச்சி, முப்பது வருடத்துக்கு மேல் குடிநீர் வேலையில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கரெக் தீ பாலத்தைச் சும்மா கடந்து போய்விடாதீர்கள். அங்கே காரை நிறுத்துங்கள். பாலத்துக்குக் கீழே, தண்ணீருக்குள், ஒரு முழு அணை இருக்கிறது. என்னைக் கேட்டால் அந்தத் திட்டத்தின் மூளையே அதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். தொழிற்சாலைகளால் பேர்மிங்ஹாம் வேகமாக வளர்ந்தது, நல்ல தண்ணீர் இல்லாமல் நோய் பரவியது. 1892இல் பாராளுமன்றத்தில் சட்டம் நிறைவேற்றி, அடுத்த வருடமே வேலை தொடங்கினார்கள். பொறியியலாளர் ஜேம்ஸ் மான்செர்க். 1904 ஜூலை 21இல் ஏழாம் எட்வர்ட் மன்னர் திறந்துவைத்தார். ஈலனில் வருடத்துக்கு ஏறக்குறைய 1,830 மில்லிமீற்றர் மழை. கொழும்பில் அதைவிடக் கூடப் பெய்கிறது! ஆக மழை மட்டும் காரணமில்லை. தண்ணீர் கசியாத பாறை, அணை கட்ட வசதியாக ஒடுங்கும் பள்ளத்தாக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக உயரம். பேர்மிங்ஹாம் பக்கத்தில் உள்ள பிராங்க்லி நீர்த்தேக்கத்தைவிட ஈலனில் தண்ணீர் எடுக்கும் இடம் 52 மீற்றர் உயரம். இடையில் 118 கிலோமீற்றர் வாய்க்காலும் குழாயும். 2,300 அடி போனால் ஓரடி இறக்கம், அவ்வளவுதான். ஒரு பம்பும் இல்லாமல் தண்ணீர் தானாக நடந்து ஒன்றரை நாளில் போய்ச் சேர்கிறது. நூறு வருடத்துக்கு மேலாக.

அந்த 52 மீற்றரில் கொஞ்சம் குறைந்தாலும் கதை முடிந்தது. ஆனால் கபன் கோஹிலிருந்து வை ஆற்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதனால் அங்கே மட்டம் இறங்கும். அப்படி இறங்கினாலும் மேல்பக்கத்துத் தண்ணீர் இறங்காமல் பிடித்து வைக்கத்தான் அந்த மூழ்கிய அணை. அதற்கு மேல்பக்கம் கரையில் பச்சை நிறச் செப்புக் குவிமாடத்தோடு ஒரு கோபுரம் தெரியும், வொயல் கோபுரம். மகளின் கேத்தலுக்குப் போகும் தண்ணீர் புறப்படுவது அங்கிருந்துதான்.

கிளேர்வென் பக்கம் போனால் வழியில் தொல் அ மனஹ் என்ற, கட்டி முடிக்காமல் விட்ட அணையின் அடித்தளத்தைப் பாருங்கள். கபன் கோஹ் நிரம்பினால் அந்த இடம் தண்ணீருக்குள் போய்விடும் என்பதால் அடித்தளத்தை முன்கூட்டியே போட்டார்கள். கிளேர்வென் ஆற்றில் மூன்று அணைகள் கட்டுவதாக இருந்தது. பின்னர் மூன்றுக்கும் பதிலாக ஒரே பெரிய அணை கட்டினார்கள். அதுதான் கிளேர்வென். 56 மீற்றர் உயரம், 1952இல் எலிசபெத் மகாராணி திறந்தது. உள்ளே கொங்கிரீட், வெளியே பழைய அணைகளோடு பொருந்தக் கல் பதித்திருக்கிறார்கள். போருக்குப் பிறகு உள்ளூர்க் கல்தச்சர் போதாமல் இத்தாலியிலிருந்தும் ஆட்களை எடுத்தார்கள்.

மூழ்கியது பற்றிக் கேட்டீர்கள். நூறு பேரளவில் வெளியேற்றப்பட்டார்கள். 18 பண்ணைகள், ஒரு தேவாலயம், ஒரு பாடசாலை, இரண்டு பெரிய வீடுகள் மூழ்கின. ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி இளைஞராக இருந்தபோது தங்கிய வீடுகள் அவை. நட்டஈடு நிலச் சொந்தக்காரருக்கு மட்டும்தான். குத்தகைக்கு இருந்தவர்களுக்கு ஒரு சதமும் இல்லை. அது அநியாயம். பொறியியலை எவ்வளவு மெச்சினாலும் இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

பேர்மிங்ஹாம் மாணவன்:

அன்ரி, இருட்டும் வரை நிற்க முடிந்தால் நில்லுங்கள். அந்த நிலப்பரப்பு 2015இலிருந்து சர்வதேச இருள்வானப் பூங்கா. கிளேர்வென் அணையடியில் நின்று பால்வீதியைப் பார்த்தேன், வத்தளையில் வளர்ந்த எனக்கு அதுதான் முதல் தடவை. ரேயடருக்குப் பக்கத்தில் கிக்ரின் பண்ணையில் பின்னேரம் பருந்துகளுக்கு இறைச்சி போடுவார்கள். நம் ஊர்ச் செம்பருந்து இல்லை, இது வால் பிளந்த வேறு இனம். ஒரு காலத்தில் பிரித்தானியா முழுவதிலும் அழிந்து, நடு வேல்ஸில் மட்டும் சில சோடிகள் மிஞ்சியிருந்தன. இப்போது தலைக்கு மேல் நூற்றுக்கணக்கில் சுற்றுகின்றன.

வெள்ளவத்தை ரீச்சர்:

போய் வந்துவிட்டோம். எல்லாருக்கும் நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கபன் கோஹில் தண்ணீர் வழியவில்லை, தம்பி சொன்னது சரி. காய்ந்த கல்சுவர்தான். ஆனாலும் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது பயமாகத்தான் இருந்தது. கிரைக் கோஹில் கணவர் அந்தக் கரைவரை நடந்து திரும்பினார். நடுவில் இரண்டு தரம் நின்றார், இருபுறமும் பார்க்கத்தான் நிற்கிறேன் என்றார். கிளேர்வெனுக்கும் போனோம். நட்சத்திரத்துக்கு நிற்க முடியவில்லை, மகளுக்கு மறுநாள் வேலை.

கரெக் தீ பாலத்தில் ஐயா சொன்னபடி நிறுத்தினோம். மூழ்கிய அணை கண்ணுக்குத் தெரியவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் மரங்களுக்கு நடுவே ஒரு சிறு தேவாலயம் இருக்கிறது. மூழ்கிய தேவாலயத்துக்குப் பதிலாகப் பேர்மிங்ஹாம் மாநகரசபை கட்டிக்கொடுத்ததாம். அதன் வாசலில் கனநேரம் இருந்தேன்.

மஸ்கெலியாவில் வரட்சிக் காலத்தில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயில் வெளியே தெரியும். ஒருமுறை அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி, கோயில் வாசலிலிருந்து அடி அளந்து நடந்தார். ஓர் இடத்தில் நின்று, "இதுதான் கடை வாசல்" என்றார். அங்கே ஒன்றுமே இல்லை, சேறு மட்டும்தான். இதை அந்தத் தேவாலய வாசலில் இருந்துதான் மருமகனுக்குச் சொன்னேன். திருமணமாகி எட்டு வருடத்தில் அன்றுதான் அவருக்கு இது தெரிந்தது.

ஐயா, உங்களிடம் இன்னொரு கேள்வி. நாங்கள் கொழும்பில் குடிப்பதில் ஒரு பங்கு லபுகமை நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது என்பார்கள். அதுவும் 1880களில் கட்டியது அல்லவா? காட்டுக்குள் இருப்பதால் சும்மா உள்ளே விடமாட்டார்கள் என்று கேள்வி. அனுமதி எங்கே எடுப்பது, முழங்கால் வருத்தக்காரர் நடக்கக்கூடிய இடமா என்று சொல்லுங்கள். கணவர் வருகிறேன் என்கிறார்.