மாக்குலா தேய்வு: பெரிய லென்ஸ் வாங்கியும் பேப்பர் படிக்க முடியவில்லை

காவிரிக்கரை (கேள்வி)
அம்மாவுக்கு 71 வயது. இரண்டு கண்ணிலும் உலர் வகை மாக்குலா தேய்வு (விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து நடுப்பார்வை மங்கும் நோய்). கண்ணாடி போட்டு வலது 6/60 (மற்றவர்கள் 60 மீட்டரில் பார்ப்பதை 6 மீட்டரில்தான் பார்க்கிறார்), இடது 2/60. ஊசி தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். கடையில் "10 மடங்கு" என்று எழுதிய, உள்ளங்கை அகல லென்ஸ் வாங்கினோம். தலைப்பு தெரிகிறது, செய்தி தெரியவில்லை. இதைவிடப் பெரிசாக வாங்கணுமா? பேப்பரும் மாத்திரை அட்டையும் படித்தால் போதும் என்கிறார்.

பார்வைமானி
பெரிசு வேண்டாம், சின்னதுதான் வேண்டும். சக்தி கூடக் கூட லென்ஸ் சிறுக்கும். நிஜமான 10 மடங்கு என்பது 40 டயாப்டர் (லென்ஸ் சக்தியின் அளவு). அது உள்ளங்கை அகலத்தில் வராது. உங்களிடம் இருப்பது இரண்டு, மிஞ்சினால் மூன்று மடங்கு.

தோராயக் கணக்கு இது: 6/60 என்றால் 60-ஐ 6-ஆல் வகுங்கள், 10 டயாப்டர். எழுத்தை அடையாளம் காண அது போதும். தடங்கலில்லாமல் படிக்க 16 அல்லது 20 வைத்துப் பாருங்கள். டயாப்டரை 4-ஆல் வகுத்தால் மடங்கு. 100-ஐ டயாப்டரால் வகுத்தால் தாளிலிருந்து பிடிக்க வேண்டிய தூரம். 20 டயாப்டருக்கு 5 மடங்கு, 5 செ.மீ.

லென்ஸைத் தாள்மேல் படுக்க வைத்து மெதுவாகத் தூக்கச் சொல்லுங்கள். எழுத்து பெரிதாகிக்கொண்டே வந்து ஓரிடத்தில் கலங்கும். அதற்குச் சற்று முன் நிறுத்த வேண்டும். பிறகு முகத்தை லென்ஸுக்குக் கிட்டே கொண்டுவர வேண்டும். கையை நீட்டிப் பிடித்தால் இரண்டு எழுத்துதான் தெரியும், கிட்டே வந்தால் முழுச் சொல்லே விழும். லென்ஸ் விற்பவர்கள் இதைச் சொல்லித் தருவதே இல்லை. முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொள்ளட்டும். கை நடுங்கினால் எல்இடி விளக்கு வைத்த ஸ்டாண்ட் லென்ஸ். கைலென்ஸுக்குத் தூரப்பார்வைக் கண்ணாடி, ஸ்டாண்ட் லென்ஸுக்குப் படிக்கிற கண்ணாடி. மாற்றிப் போட்டால் மங்கும்.

வாங்குமுன் அரவிந்த், சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் இருக்கும் குறைபார்வைப் பிரிவில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஓரப்பார்வை
லென்ஸ் பாதி வேலைதான். நடுவில் மறைக்கும் இடத்தை விலக்கிப் பார்க்கப் பழக வேண்டும். ஒரு கை தூரத்தில் எதிரே உட்காருங்கள். உங்கள் முகத்தைக் கடிகாரமாக நினைத்து, 12, 3, 6, 9 மணி இருக்கும் பக்கமாக ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே பார்க்கும்போது மூக்கும் வாயும் தெளிகிறதோ அதுதான் அவருக்கான திசை. மேலோ கீழோ அமைந்தால் படிக்க வசதி. பக்கவாட்டில் அமைந்தால், வலப்பக்கம் மறைக்கும்போது அடுத்த எழுத்து விழுங்கப்படும். இடப்பக்கம் மறைக்கும்போது அடுத்த வரியின் தொடக்கம் தொலையும். அப்போது இடது ஓரத்தில் விரல் வைத்துக்கொள்ளலாம்.

பயிற்சி தினமும் இரண்டு வேளை, 15 நிமிடம். கண்ணையும் தலையையும் அசைக்காமல் தாளை இடப்பக்கம் நகர்த்த வேண்டும். முதலில் தடித்த பெரிய எழுத்தில் தலை, மழை, இலை என்று புள்ளியில்லாத சொற்கள். முதலில் தொலைவது புள்ளிதான், அதனால் மெய்யெழுத்தைப் பிறகு சேருங்கள். சில வாரம் ஆகும், அவசரப்படுத்த வேண்டாம்.

தென்றல்_மதுரை
என் தம்பிக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா (ஓரப்பார்வை மெல்லக் குறுகிக்கொண்டே வரும் விழித்திரை நோய்). அவனுக்கும் இதே லென்ஸ் சரிவருமா?

பார்வைமானி
நடுப்பார்வை நன்றாக இருந்தால் வேண்டாம். குழாய் வழியாகப் பார்ப்பது போன்ற பார்வையில் பெரிதாக்கினால் பாதி வெளியே போய்விடும். அவருக்கு வேண்டியது வெள்ளைக் கைத்தடிப் பயிற்சி, இரவுக்கு நல்ல டார்ச், கண் கூச்சத்துக்கு ஆம்பர் நிறக் கண்ணாடி.

அடுப்படி
வீட்டில் முதலில் விளக்கை மாற்றுங்கள். வலது கண்தான் தேவலை என்பதால் வலப்பக்கம், தாளிலிருந்து 20–25 செ.மீ.யில், பல்பு கண்ணில் படாதபடி. விளக்கு பாதித் தூரத்துக்கு வந்தால் வெளிச்சம் நான்கு மடங்கு. கறுப்பு அட்டையில் இரண்டு வரி அளவுக்குச் சன்னல் வெட்டித் தாள்மேல் வைத்தால் கூச்சமும் குறையும், வரியும் தப்பாது.

எவர்சில்வர் தட்டு பளபளப்பில் சோறே தெரியாது. கரும்பச்சை அல்லது நீலத் தட்டு நல்லது. கேஸ் திருகில் 'சிம்' வரும் இடத்தில் எம்-சீல் ஒரு பொட்டு. மாத்திரை அட்டையின் மினுமினுப்பு லென்ஸையும் போன் கேமராவையும் ஏமாற்றும், சாய்த்துப் பிடித்தால்தான் கூகுள் லென்ஸ் வாசிக்கும். அதைவிட நம்பகமானது பெட்டியில் ரப்பர் பேண்ட்: காலைக்கு ஒன்று, இரவுக்கு இரண்டு.

ஒன்றை மறக்காதீர்கள். உலர் வகை ஈர வகையாக (விழித்திரைக்கு அடியில் புது ரத்தக்குழாய் வளர்ந்து கசிவது) மாறலாம். வாரம் ஒருமுறையாவது ஒவ்வொரு கண்ணாக மூடி, கட்டம்போட்ட ஆம்ஸ்லர் அட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள். நேர்கோடு புதிதாக வளைந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் உடனே ரெட்டினா மருத்துவரிடம் போங்கள். அப்போது ஊசி தேவைப்படலாம்.