கண்ணாடி போட்ட மேசைக்கு வயர்லெஸ் மவுஸ் ஒத்துவருமா?

கானாடுகாத்தான் ஆச்சி:

அனைவருக்கும் வணக்கம். வீட்டிலிருந்தபடியே பலகாரத் தொழில் செய்து வருகிறேன். சீப்புச் சீடை, மனகோலம், அதிரசம் என்று வெளியூர்களுக்கு அனுப்பும் சரக்கின் பில்களையும் வரவு செலவையும் மடிக்கணினியில் டாலியிலும் எக்செல்லிலும் நானே பதிகிறேன். கணினியோடு உள்ள டச்பேடில் விரலைத் தேய்த்துத் தேய்த்து மணிக்கட்டு வலி கண்டுவிட்டதால் மவுஸ் வாங்க எண்ணியுள்ளேன். காரைக்குடியில் விசாரித்ததில், ஒயர் உள்ளதை 300 ரூபாய்க்குள்ளும் வயர்லெஸ்ஸை 600 முதல் 800 ரூபாய் வரையிலும் சொல்கிறார்கள். இரு மடங்கு விலைக்கு ஏற்ற பயன் அதில் உண்டா?

காலையில் முகப்பிலும் வெயில் ஏறிய பின் இரண்டாம் கட்டிலும் வேலை பார்ப்பதால் கணினியைத் தூக்கிக்கொண்டு நடப்பது என் வழக்கம். முகப்பில் இருப்பது ஐயா காலத்துத் தேக்கு மேசை, அதன்மேல் கண்ணாடி போட்டிருக்கிறது. கணினியில் யுஎஸ்பி துளைகள் இரண்டுதான். ஒன்றில் பில் பிரிண்டரும் மற்றொன்றில் கணக்கை நகலெடுத்து வைக்கும் பென்டிரைவும் இருக்கும்.

தேவகோட்டை கணினிப் பட்டறை:

ஆச்சிக்கு வணக்கம். ஒயர் வேண்டுமா வேண்டாமா என்பதைவிட உங்கள் மேசையைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும். இப்போதைய மவுஸ்கள் எல்லாமே அடியில் உள்ள விளக்கொளியைப் பரப்பின்மேல் பாய்ச்சி, அங்குள்ள நுண்ணிய மேடு பள்ளங்களை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை படம் பிடித்து, ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாட்டிலிருந்தே தாம் எவ்வளவு நகர்ந்தோம் என்பதைக் கணக்கிடுகின்றன. கண்ணாடியில் படம் பிடிப்பதற்கு எதுவும் இல்லாததால் அம்பு தத்தித் தத்திச் செல்லும், சில சமயம் அசையவே அசையாது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் சாய்மேசை போட்டு உட்காருபவர்களும் மவுஸைத் தரையில் வைத்துவிட்டு இதே குறையைச் சொல்வதுண்டு, ஏனெனில் கண்ணாடித் தகட்டின்மேல் வார்க்கப்படும் அந்தக் கல்லின் வழவழப்பும் இதற்குப் பகைதான். ஆகவே எந்த மவுஸ் வாங்கினாலும் துணி பதித்த மவுஸ்பேடு ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். அவசரத்துக்கு ஒரு நோட்டின் அட்டைகூடப் போதும்.

அடுத்தது துளைப் பிரச்சினை. கடைகளில் அதிகம் விற்கும் வயர்லெஸ் மவுஸோடு விரல்நுனி அளவில் ஒரு ரிசீவர் வரும். அது ஒரு யுஎஸ்பி துளையை எப்போதும் பிடித்துக்கொள்ளும் என்பதால் பிரிண்டரையோ பென்டிரைவையோ நீங்கள் மாற்றி மாற்றிச் செருக நேரிடும். தவிர, அந்த ரிசீவர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகிறது. நீல நிறத் துளையில் யுஎஸ்பி 3.0 பென்டிரைவ் வேலை செய்யும்போது அதே அலைவரிசையில் இரைச்சல் எழும் என்பதை இன்டெல் நிறுவனம் 2012-ஆம் ஆண்டிலேயே விளக்கி எழுதியிருக்கிறது. நகலெடுக்கும் நேரத்தில் மட்டும் அம்பு இழுத்து இழுத்து நகர்ந்தால் மவுஸைக் குறை சொல்லாமல், பென்டிரைவுக்கு அருகிலிருக்கும் ரிசீவரை அடுத்த பக்கத்துத் துளைக்கு மாற்றிப் பார்க்க வேண்டும்.

உழைப்பைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஒயர் உள்ளதில் ஒயர் உடலுக்குள் நுழையும் இடத்தில் மடங்கி மடங்கி அறுந்துபோவது கூடுதலான ஒரு குறை. ஆனால் ஒரு முறை அழுத்தினால் இரு முறை அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும் நோய் பொத்தானுக்குக் கீழே உள்ள சிறு சுவிட்ச் தேய்வதால் வருவது, அது இரண்டு வகைக்கும் பொது. எனவே விலை அதிகம் என்பதால் அதிக நாள் உழைக்கும் என்று எண்ண வேண்டாம். நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் முகப்புக்கும் இரண்டாம் கட்டுக்கும் இடையே ஒயரைச் சுருட்டாமல் நடப்பதற்கு மட்டுமே. உங்கள் வழக்கத்துக்கு அது தகும் என்பதே என் கருத்து. கணினியை ஒரே இடத்தில் வைத்து வேலை செய்பவராக இருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

புதுவயல் பழைய கணக்கர்:

முந்தைய பதிவரோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. டாலி விசைப்பலகைக்காகவே அமைந்த மென்பொருள். விற்பனைக்கு எஃப்8, வரவுக்கு எஃப்6, செலவுக்கு எஃப்5 என்று விரல் பழகிவிட்டால் மவுஸைத் தொட வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது, மணிக்கட்டு வலியும் தானாகக் குறையும். எக்செல்லுக்கு மட்டும் என்றால் 300 ரூபாய் மவுஸ் தாராளம். பேட்டரி தீர்ந்து கணக்கு பாதியில் நிற்கும் வேலையும் இல்லை.

கானாடுகாத்தான் ஆச்சி:

இருவருக்கும் நன்றி. விசைகளைப் பழகிக்கொள்கிறேன், ஆனாலும் கூரியர் தளங்களில் முகவரி பதிய மவுஸ் இல்லாமல் முடியவில்லை. கணினியில் புளூடூத் இருப்பதாக மகன் சொல்கிறான். அதிலேயே இணையும் மவுஸ் வாங்கினால் துளை மிச்சமாகுமல்லவா? சிங்கப்பூரில் மகனிடம் போய் ஓரிரு மாதம் தங்குவதும் உண்டு. அப்போது பேட்டரியை உள்ளேயே விட்டுச் செல்லலாமா?

காரைக்குடி வாசகர்:

புளூடூத் மவுஸே உங்களுக்கு ஏற்றது, ஆச்சி. விலை சற்றுக் கூடும், சிறிது நேரம் சும்மா விட்டு மீண்டும் தொட்டால் விழித்துக்கொள்ள ஓரிரு நொடி எடுக்கும், கணக்கு வேலைக்கு அது ஒரு பொருட்டல்ல. அடியில் சிவப்பு விளக்கு தெரியவில்லையே என்று கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்த இவற்றில் பலவற்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத்தான் வைக்கிறார்கள்.

உள்ளேயே அடைத்த பேட்டரியைச் சார்ஜ் செய்யும் வகையைவிட, ஒற்றை ஏஏ பேட்டரி போடும் வகையை வாங்குங்கள். அடைத்த பேட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிட்டால் மவுஸையே எறிய வேண்டியதுதான், மற்றதற்கு ஊர்ப் பெட்டிக்கடையிலேயே மாற்று கிடைக்கும். மிதமாகப் பயன்படுத்தினால் ஒரு பேட்டரி பல மாதங்கள் வரும். ஆனால் வெளிநாடு போகும்போது அதைக் கட்டாயம் கழற்றி வையுங்கள். அல்கலைன் பேட்டரியில் இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்தால் உள்ளிருக்கும் உலோகத் தகடுகளை அரித்துவிடும், அடியில் உள்ள சுவிட்சை அணைத்து வைத்தாலும் கசிவு நிற்காது. 1953 முதல் மின்வேதியியல் ஆய்வகம் இயங்கிவரும் ஊரில் இருந்துகொண்டு இதைக்கூடச் சொல்லாவிட்டால் எப்படி!