ஃப்ளோரிடாவின் டாம்பா விரிகுடாவில் 7 வயதுப் பையனோடு தூண்டில்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். 16 அடிப் படகு, 40 குதிரைத்திறன் எஞ்சின். படகு ஓட்டுவது எங்களுக்குப் புதிது. ஃபோர்ட் டி சோட்டோ பக்கம், 3, 4 அடி ஆழக் கடற்புல் திட்டுகளில், நீரேற்றத்தில் சீட்ரவுட் மீன் பிடிக்க எண்ணம்.

பாப்பிங் கார்க் தக்கை (சுண்டினால் நீரில் ஒலியெழுப்பும் மிதவை), கீழே 2 அடிக்கு 20 பவுண்டு ஃப்ளோரோகார்பன் அடிநரம்பு, 1/0 அளவு சர்க்கிள் முள் (நுனி உள்நோக்கி வளைந்த தூண்டில் முள்), இரையாக உயிருள்ள இறால். சர்க்கிள் முள் பெரும்பாலும் வாயோரத்தில்தான் மாட்டும். வெடுக்கென்று சுண்டாமல் நிதானமாகச் சுற்றினாலே போதும், சிறுவர் கைக்கு அதுதான் நல்லது. ஆனால் நீர் வற்றும்போது இறால் புல்லுக்குள் புதைகிறது. அடிநரம்பை ஒன்றரை அடியாகக் குறைக்கலாமா?

நங்கூரத்தை முன்பக்கம் மட்டுமே கட்டுகிறோம். பின்னால் கட்டினால் அலை ஏறிப் படகு நிரம்பிவிடும். ஆழத்தைப்போல் 7 மடங்கு கயிறு விட்டும் புல்லில் இழுபடுகிறது. இந்த ஆழத்துக்கு, தரையில் குத்திப் படகைக் கட்டும் குத்துக்கழி மேலா?

முக்கியமான கவலை கடல் கெளுத்தி. முதுகிலும் பக்கத்திலும் நச்சு முள், பையனோ மீனைக் கண்டதும் கை நீட்டுவான். மீனைத் தொடாமலே தூண்டில் முள்ளைக் கழற்ற எந்தக் கருவி வாங்கலாம்? அனுபவமுள்ளவர்கள் அவசியம் சொல்லுங்கள்.

உயிர்காப்பு அங்கி எப்போதும் அவன் உடம்பில்தான். கோடை இடிமழைக்கு முன், நண்பகலுக்குள் கரை திரும்புவோம்.