ஆற்றங்கரை வீடு: கருமாதிப் பத்திரிகை

(அப்பாயி, அதாவது எங்கள் அப்பாவின் அம்மா, காலமான பிறகு 2025 ஆகஸ்ட்டில் எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்.)

அண்ணன் (காலை 9:12): அச்சகத்திலிருந்து அழைத்தார்கள். இன்று மாலைக்குள் வாசகத்தைக் கொடுத்தால்தான் பத்திரிகை நேரத்துக்குக் கைக்கு வருமாம். அப்பாயியின் வயதை என்னவென்று போடுவது? அடையாள அட்டையில் பிறந்த ஆண்டு 1940 என்று இருக்கிறது. அந்தக் கணக்குக்கு 85 வருகிறது.

மன்னை அத்தை: 85 என்று போடாதீர்கள். அது தவறு.

சித்தப்பா (சிங்கப்பூர்): அட்டையில் உள்ளதையே போட்டுவிடலாம். நாளைக்கு வாரிசுச் சான்றிதழுக்கு அலைய நேர்ந்தால் நான் அங்கே இருக்க மாட்டேன்.

பெரியப்பா: தம்பி, கருமாதிப் பத்திரிகைக்கும் சான்றிதழுக்கும் தொடர்பில்லை. பதிவு எடுக்க வந்தவர் அம்மாவின் முகத்தைப் பார்த்து ஒரு வருடத்தைக் குறித்துக்கொண்டு போனார். அம்மாவும் மறுத்துச் சொல்லவில்லை. நாகப்பட்டினத்துப் புயல் அடித்தது 1952 நவம்பர் 30ஆம் தேதி. அன்று வீட்டு ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறக்கத் தொடங்கியபோது, சம்பா அறுவடைக்கு இன்னும் நாள் இருந்ததால் காலியாகக் கிடந்த, நெல் கொட்டி வைக்கும் பத்தாயத்துக்குள் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் 3 பேரை இறக்கிவிட்டு, வாய்ப்பலகையைத் தன் முதுகால் அழுத்திக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தவர் அம்மா. அப்போது நான் அவர் வயிற்றில் இருந்தேன். 1953 ஏப்ரலில் பிறந்தேன். 1940 என்றால் புயலன்று அம்மாவுக்கு 12 வயது. யோசித்துப் பாருங்கள்.

மன்னை அத்தை: 3 பேர் அல்ல அண்ணா, 4 பேர். கைக்குழந்தை ஒன்றை மடியில் வைத்திருந்தார்.

சித்தப்பா (சிங்கப்பூர்): அந்தப் பத்தாயம்தான் இன்று வீட்டில் இல்லையே.

அப்பா: அதை யார் விற்றார்கள் என்ற பேச்சை இப்போது எடுக்க வேண்டாம்.

மன்னை அத்தை: அது வண்டியில் ஏறிய அன்று அம்மா சாப்பிடவில்லை. அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணி: வயது இன்னும் முடிவாகவில்லை.

பெரியப்பா: "மேட்டூர் அணை திறந்த வருஷம் பிறந்தவள் நான்" என்பது அம்மா தன் வாயால் சொன்ன கணக்கு. அணை திறந்தது 1934 ஆகஸ்ட் 21, பவ ஆண்டு ஆவணி மாதம். அம்மா பிறந்ததும் அந்த ஆவணிதான். அப்படிப் பார்த்தால் 90 நிறைந்து 91 நடந்துகொண்டிருந்தது.

மன்னை அத்தை: ஆவணி அல்ல, ஆடி. அணை திறந்த செய்தி ஊருக்கு வந்தபோது தூளியில் கிடந்ததாகத்தான் என்னிடம் சொல்லியிருக்கிறார். அப்படியானால் 91 நிறைந்துவிட்டது.

நான்: பெரியப்பா, பதினாறாம் நாளும் ஆகஸ்ட் 21ஆம் தேதிதான் வருகிறது.

பெரியப்பா: இதை நான் கவனிக்கவே இல்லை.

மன்னை அத்தை (10:40): இந்த ஆண்டும் ஜூன் 12ஆம் தேதி அணையைத் திறந்தார்கள். வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பைக் கடந்து பாமணியாற்றில் நம் படித்துறைக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும், என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி, ஒரு கை நீரை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "குப்பையெல்லாம் முன்னால் வரும், பிறகு தெளியும்" என்றார். ஆடிப்பெருக்குக்கு இறங்க முடியவில்லை. ஒரு சொம்பில் மொண்டு வந்து கொடுத்தேன்.

அண்ணி: அன்று நானும் கூட இருந்தேன் அத்தை.

அப்பா: கஜா புயலை யாரும் சொல்லவில்லையே. 2018 நவம்பர் 16ஆம் தேதி விடிந்தபோது கொல்லையில் 42 தென்னை வேரோடு கிடந்தன. நான் திண்ணையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அம்மா கம்பை ஊன்றிக்கொண்டு விழுந்த மரங்களுக்கிடையே நடந்து பார்த்துவிட்டு வந்து, "தென்னம்பிள்ளை எங்கே கிடைக்கும், விசாரி" என்றார். மரம் காய்க்கும்போது இருப்போமா என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை. அந்தப் பிள்ளைகளில் இந்த ஆண்டு காய் பிடித்திருக்கிறது. கருமாதிக்குத் தேங்காயை வெளியில் வாங்க வேண்டாம்.

சித்தப்பா (சிங்கப்பூர்): இளநீர் இருந்தால் எனக்கு ஒன்று வையுங்கள் அண்ணா. 19ஆம் தேதி வந்துவிடுகிறேன்.

மன்னை அத்தை: ஒன்று கேட்கிறேன். பத்திரிகையில் பெண்மக்கள் பெயர் வருமா? அப்பாவின் கருமாதியில் ஆண்மக்கள் மூவர் பெயர் மட்டும்தான் இருந்தது.

சித்தப்பா (சிங்கப்பூர்): அது வழக்கத்தில் இல்லை அக்கா.

பெரியப்பா: 6 ஆண்டுகள் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டவள் அவள்தான். பெயர் வரும்.

அப்பா: எந்த வரிசையில் போடுவது என்பதை மாலையில் பேசிக்கொள்ளலாம்.

அண்ணன் (மாலை 4:05): அச்சகத்திலிருந்து மறுபடி அழைக்கிறார்கள். ஆடியா, ஆவணியா?

மன்னை அத்தை: கோட்டூர் சின்னம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அம்மாவுக்கு நேர் இளையவர். தொலைபேசியில் அவருக்குக் காது கேட்காது. நேரில்தான் போக வேண்டும்.

அண்ணன்: வண்டியை எடுத்துவிட்டேன் அத்தை. வயதுக்கு மட்டும் இடம் விட்டு, மற்றதை அச்சுக் கோக்கச் சொல்லியிருக்கிறேன்.